வசூல்காரப் பெண்ணின் போனுக்காக ஜெபித்த சபை

என் மகள் எஸ்தர் ராணிக்குக் கிடைத்த பேங்க் வேலை, அவள் போய்ச் சேருவதற்கு முன்பே போய்விடும் என்ற நிலைமை போன செப்டம்பர் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. சோறு வடித்து வைத்தும் சாப்பிட ஆள் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன், என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதிலிருந்து ஆண்டவர் எங்களை எப்படித் தூக்கி எடுத்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் சொல்லச் சொல்ல ராணிதான் எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும், இப்போது சிரிக்கலாம்.

சித்தூரில் எங்கள் சபைக்கு வருகிற யாருக்கும் சாராள் என்கிற என்னைத் தெரியும். பாட்டிலும் என் குரல் தனியாகக் கேட்கும், சண்டையிலும் தனியாகக் கேட்கும். வாய்க்காரி என்று சொல்வார்கள், பொய்யில்லை. என் வீட்டுக்காரர் தேவராஜ் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுகிறவர். ராணி எங்களுக்கு ஒரே பிள்ளை.

முந்தின வருஷம் மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது அவர் ஃபேக்டரி வாசலில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கினவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். போகிற வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இயேசுவே இயேசுவே என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தக்குழாய் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் அரசு இலவச சிகிச்சை அட்டை அந்த ஆஸ்பத்திரியில் செல்லாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள்.

ராணி அப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு வரதய்யபாளையத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். யூனிஃபார்மை மாற்றாமல் பஸ் ஏறி ஓடிவந்தாள். பணம் கட்டுகிற கவுன்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மாதத் தவணையில் கட்டலாம், பான் கார்டும் சம்பள சிலிப்பும் இருந்தால் போதும் என்றான். எங்கள் மூன்று பேரில் அந்த இரண்டும் இருந்தது ராணியிடம்தான். போனுக்கு ஓடிபி வந்தது, சொன்னாள். அரை மணி நேரத்தில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் பிழைத்தார். அதற்காகவே ஆண்டவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம்.

அது கடன் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. யாரிடம் வாங்கிய கடன் என்பதில்தான் கோட்டை விட்டோம். மேஜை ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறது, தவணை ஆஸ்பத்திரி பில்லுக்கு, அப்படியானால் ஆஸ்பத்திரிக்குத்தானே கடன் என்று நினைத்துக்கொண்டோம். நாங்கள் தலைமுறை தலைமுறையாக மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே கையில் பணம் இல்லாமல் படுத்திருந்து எழுந்து வருவோம். வயலில் அறுப்பு முடிந்து காசு வந்ததும் போய்க் கவுன்டரில் கட்டுவோம். ரசீது வாங்கிக்கொண்டு வந்து சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று நடுவில் நிற்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் சபை போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவோம். ஐயர் அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் கஷ்டத்தைச் சபையில் சொன்னார். ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பெண்கள் சங்கத்தில் வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, மாதாமாதம் விற்றுச் சேர்க்கிற பணம் இருந்தது. அதை அப்படியே என் கையில் வைத்தார்கள். என் கழுத்துச் செயினும் போயிற்று. அவரை மறுபடி டாக்டரிடம் காட்டப் போனபோது முழு பில்லையும் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கட்டினோம். நோயாளி நம்பரைக் கேட்டார்கள், சொன்னேன். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அட்வான்ஸ் என்று அதில் போட்டிருந்தது. தவணைக்கு முன்னாடியே கட்டிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. அடுத்த ஞாயிறு ஒரு சேவலைக் காணிக்கையாகக் கொடுத்தோம். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது ஐயரம்மாதான் அதை எடுத்தார்கள்.

ராணி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்து, நைனா என்று அவள் கூப்பிடுகிற அப்பாவைப் பார்த்துக்கொண்டே பேங்க் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தாள். அவள் சம்பள அக்கவுன்ட் காய்ந்து கிடந்தது. அந்தக் காய்ந்த அக்கவுன்டிலிருந்து ஒரு கம்பெனி மாதாமாதம் தவணை எடுக்கப் பார்த்து, எடுக்க முடியாமல் போய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். பரீட்சை முடிகிறவரை போன் என்னிடம்தான் இருக்கும் என்று அவளிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். இங்கிலீஷில் வருகிற மெசேஜை நான் எங்கே படித்தேன்?

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போலீஸ்காரர் ஒருவர் சபைக்கு வந்து பேசினார். லோன் பாக்கி இருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது என்று யாராவது போன் பண்ணினால் நம்பாதீர்கள், எல்லாம் மோசடி என்றார். நல்ல காரியத்துக்குத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன் பாருங்கள், விடவே இல்லை.

அந்த வாரமே ஒரு பெண் கூப்பிட்டாள். ராணி காரு, அதாவது ராணி அவர்கள், இருக்கிறாரா என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, நான் தமிழில் பேசியதும் தமிழுக்கு மாறினாள். ஆஸ்பத்திரி லோன் தவணை கட்டவில்லை என்றாள். வந்ததே எனக்குக் கோபம்.

“எங்க சபையே சேந்து கட்டி முடிச்ச பில்லுக்கு நீ யாரு வசூல் பண்ண? உழைச்சித் துன்ன வழி இல்லியா உனுக்கு?”

வைத்துவிட்டேன். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாள், அதே குரல். திட்டினேன், நம்பரை பிளாக் பண்ணினேன். இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதையும் மோசடிக்காரர்களின் பசப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெண்கள் சங்கத்தில் இப்படிப்பட்டவர்களை எப்படித் துரத்துவது என்று பாடமே எடுத்தேன், கைதட்டினார்கள்.

ராணி பரீட்சையில் பாஸானாள். இன்டர்வியூவும் தாண்டினாள். சந்திரகிரி பிராஞ்சில் வேலை, இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை சேர வேண்டும் என்று ஆர்டர் வந்தது. தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன். இவர் லாரியில் போகிற வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆர்டரில் ஒரு நிபந்தனை இருந்தது. பேங்கில் வேலைக்குச் சேருகிறவர்களின் கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டுமாம். கடன் கேட்கப் போனால்தான் கிரெடிட் ஸ்கோர் பார்ப்பார்கள் என்று இருந்தேன், இந்த வேலைக்கும் பார்க்கிறார்கள். நமக்கென்ன பயம் என்று ராணி தைரியமாகப் போனில் தன் கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன், ஸ்கோர் சிவப்பில் கிடந்தது. ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கடன், ஒரு தவணைகூடக் கட்டவில்லை என்று அவள் பேரில் மாதாமாதம் பதிவாகியிருந்தது.

திருப்பதியில் பேங்க் ஆபீஸுக்குப் போய்க் கேட்டோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பாக்கி ஒன்றும் இல்லை என்று கடன் கொடுத்த கம்பெனியிடமிருந்து சர்டிஃபிகேட் கொண்டு வந்தால் சேரலாம், சேருகிற நாளுக்குள் வராவிட்டால் ஆர்டர் ரத்தாகிவிடும், என் கையில் எதுவும் இல்லை என்றார்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த மேஜையில் இப்போது வேறு கம்பெனி ஆள். கவுன்டரில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் அன்றே கம்பெனி எங்களுக்கு முழு பில்லையும் கட்டிவிட்டது, நீங்கள் பிறகு கட்டியது நோயாளி பேரில் அட்வான்ஸாக அப்படியே நிற்கிறது என்றார்கள். அதாவது சபை கொடுத்த காசு ஒரு பைசா குறையாமல் அங்கேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எடுத்துக் கொடுங்கள் என்றேன். கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தால்தான் கொடுக்க முடியும் என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மிஷின் பேசியது. ராணி அனுப்பிய மெயிலுக்கெல்லாம் மிஷினே நன்றி சொன்னது. ஆபீஸ் ஹைதராபாத்தில். போய் நின்றாலும் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

“அன்னிக்கே நான் போயிருந்தா புள்ளைக்கி இந்தக் கதி வந்திருக்காது சாரா.”

“நீங்க போயிருந்தாலும் பில்லு வந்துதான் இருக்கும். கம்முனு இருங்க” என்று அதட்டிவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்கால் போட்டேன். ஜெபம் என்றா சொல்வது அதை? ஆண்டவரோடு சண்டை போட்டேன். அவரைப் பிழைக்க வைத்தது நீர்தானே, அந்தப் பில்லை என் பிள்ளை தலையில் கட்டுவீரா, அவள் ராத்திரி பகலாகப் படித்தது உமக்குத் தெரியாதா, எனக்கு வழி தெரியவில்லை, நீர் திறக்காவிட்டால் யார் திறப்பார் என்று கத்தினேன். கத்தி முடித்தபோது மனசு லேசாகிவிடவில்லை. ஆனால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லிவிட்டோம் என்றிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பெண்கள் சங்கத்தின் உபவாச ஜெபம். போக வெட்கமாக இருந்தது. அவர்கள் பிடி அரிசிக் காசை இப்படித் தொலைத்துவிட்டேனே என்று கூசினேன். ராணிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஐயரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பெனியில் பேசுகிற மனுஷர் ஒருவர்கூட இல்லையா என்றார்கள். இருந்தாள், மாதக்கணக்காக என்னிடம் பேசப் பார்த்த ஒருத்தி இருந்தாள், நான்தான் துரத்திவிட்டேன் என்றேன். அந்த நம்பர்களை ராணி எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எதுவும் போகவில்லை. அந்த நம்பர்களிலிருந்து அவர்கள் நம்மைக் கூப்பிடலாம், நாம் அவர்களைக் கூப்பிட முடியாதாம்.

அப்புறம் ஐயரம்மா சொன்னார்கள்:

“சரி, பிளாக்கை எடுத்துடு. அந்தப் பொண்ணு ஒனக்குப் போன் பண்ணணும்னு ஜெபிப்போம்.”

ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பசி வயிற்றோடு எல்லாரும் சிரித்தோம். பிறகு முழங்காலிட்டோம். வசூலுக்கு ஆள் கூப்பிட வேண்டும் என்று கண்ணீர் விட்டு ஜெபித்த சபை உலகத்தில் எங்கள் சபை ஒன்றாகத்தான் இருக்கும். ஆளாளுக்கு அவளுக்காக வேண்டிக்கொண்டார்கள். பேர் தெரியாததால் “அந்த மகள்” என்றே சொன்னார்கள். நான் துரத்திய பெண்ணை இவர்கள் மகள் என்று சொல்வதைக் கேட்டு என் நெஞ்சு வெடித்தது.

சனிக்கிழமை காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒருவன் கூப்பிட்டான், சொல்லப்பா என்றேன். பிளாட் வாங்குகிறீர்களா என்று ஒருத்தி கேட்டாள், அவளிடமும் தன்மையாகப் பேசினேன். ராணியின் நைனா என்னை ஒரு மாதிரி பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி மணி அடித்தது. எடுத்ததும் பயந்த குரல்.

“ஆன்ட்டி, திட்றதா இருந்தா திட்டுங்க, பரவால்ல. போனை மட்டும் வெச்சிடாதீங்க. திங்கக்கிழம இந்த ஃபைல் வக்கீல் செக்சனுக்குப் போவுது. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதல் முறையாக, “உன் பேர் இன்னாம்மா?” என்று கேட்டேன். என் பேரா ஆன்ட்டி என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, லாவண்யா என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். கவுன்டரில் கட்டின ரசீது இருக்கிறதா என்று கேட்டாள். ராணி அதைப் படம் எடுத்து, அவள் சொன்ன ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பினாள். லாவண்யா பார்த்துவிட்டு, இந்த ஒரு ரசீது முன்னாடியே கிடைத்திருந்தால் அப்போதே முடித்திருக்கலாமே ஆன்ட்டி என்றாள். திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். தன் மேனேஜரிடம் இன்றே பேசி, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போட வைக்கிறேன் என்றாள். நீங்கள் பணத்தை ஏமாற்றவில்லை, இடம் மாறிக் கட்டிவிட்டீர்கள், அதனால் அபராதத்தைத் தள்ளிவிடச் சொல்லிக் கேட்கிறேன் என்றாள். பிறகு ராணியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னாள்.

“அக்கா, யாராச்சும் பேரம் பேசி, கொறைச்சிக் கட்டி செட்டில் பண்ணிக்கங்கன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. அப்புறம் ரிப்போர்ட்ல செட்டில்டுன்னே நிக்கும், பேங்க்ல அதைக் கொறையாத்தான் பாப்பாங்க. அசலும் வட்டியும் முழுசா கட்டி, க்ளோஸ்டுன்னு வாங்குங்க.”

சொன்னபடி செய்தாள் அந்தப் பெண். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் அங்கேயே அக்கவுன்ட்ஸ் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டோம். நான் வாயைத் திறக்கவே இல்லை, ராணி சாட்சி. செவ்வாய்க்கிழமை அட்வான்ஸ் பணம் ராணி அக்கவுன்டுக்கு வந்தது. வட்டிக்குக் குறைந்ததை இவருடைய லாரி ஓனர் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறேன் என்று கொடுத்தார். அபராதத்தைத் தள்ளிவிட்டார்கள். அன்று சாயங்காலமே கடனை முழுசாகக் கட்டினோம்.

புதன்கிழமை சர்டிஃபிகேட் வர வேண்டும். மத்தியானம் வரை வரவில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வந்தால் பேங்க் ஆபீஸுக்கு ஓட வேண்டும், வராவிட்டால் ஊருக்கு பஸ் ஏற வேண்டும். ராணி மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், ஜெபிக்கக்கூட வார்த்தை இல்லை. திடீரென்று அவள் “அம்மா” என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தோம். பாக்கி எதுவும் இல்லை, கடன் முடிந்தது என்று அதில் இருந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன் எங்களுக்கு முன்னால் ஓடுகிறார், மெதுவா மெதுவா என்று நான் பின்னால் கத்துகிறேன். ஆபீஸ் மூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி பேப்பரைப் படித்துவிட்டு, நாளைக்கு வந்து சேர்ந்துகொள் அம்மா என்றார். வெளியே வந்து படிக்கட்டிலேயே மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னோம். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ராணியின் ரிப்போர்ட்டில் தவணை தவறிய மாதங்கள் இன்னும் தெரிகின்றன. அது போக வருஷக்கணக்கில் ஆகும், ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறும் என்கிறாள். ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்கு இப்போது தூக்கம் வருகிறது, சோறு இறங்குகிறது. லாவண்யாவுக்குப் போன் பண்ண வழியில்லை. கடைசியாகப் பேசியபோது, சாப்பிட்டாயா என்று கேட்டேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை ஆன்ட்டி என்றாள். எங்கள் வீட்டு ஜெபத்தில் அவள் பேர் தினமும் உண்டு.

இப்போது எங்கள் சபையில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் சங்கத்திலிருந்து ஒருத்தி கூடவே போகிறாள். தவணை என்றால் கடன் கொடுப்பது யார், கட்ட வேண்டியது எங்கே, முடித்ததும் எந்தச் சர்டிஃபிகேட் வாங்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறாள். ஓடிபி கேட்டால் இன்றைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டோம். ஆனால் யார், எந்தக் கம்பெனி என்று மரியாதையாக விசாரித்து, கம்பெனியிலேயே நேரே கேட்டுக்கொள்கிறோம்.

பிரியமானவர்களே, கடனிலோ வியாதியிலோ அவமானத்திலோ இருந்தால் மறைத்து வைக்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், கோபமாக இருந்தால் கோபமாகவே சொல்லுங்கள், அவர் தாங்குவார். பிறகு சபையிலும் சொல்லுங்கள். அவர் அனுப்புகிற உதவி நாம் நினைத்த வாசல் வழியாக வராது. எனக்கு வந்த உதவியை நானே எத்தனையோ தடவை விரட்டினேன், அவர் மறுபடி மறுபடி அனுப்பினார்.

ஒன்றே ஒன்று பாக்கி. போன வாரம் ராணி வேலை முடிந்து வந்தவள் முகம் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிராஞ்சில் தவணை கட்டாதவர்களுக்குப் போன் பண்ணுகிற வேலையை இப்போது அவளுக்குக் கொடுத்திருக்கிறார்களாம்.

“இன்னிக்கி ஒரு அம்மா என்னை ரொம்பத் திட்டிட்டாங்கம்மா. பேசவே வுடல. அவுங்க வூட்லயும் யாருக்கோ ஆஸ்பத்திரிச் செலவு போல கீது.”

அவளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த அம்மாவுக்காக மூன்று பேரும் ஜெபித்தோம். சந்திரகிரிப் பக்கம் இருக்கிற அம்மா, இதை நீங்கள் படித்தால், என் மகள் மறுபடியும் கூப்பிடுவாள். தயவுசெய்து போனை எடுங்கள்.